கை அசைந்தால் போதும்

மார்ச் 3, செவ்வாய்

கடை திறந்ததும் முதல் ஆள் ஒரு தையல்காரர். வெள்ளெழுத்து. "இப்ப வர்ற ஊசிக்கெல்லாம் காதே சரியில்ல சார்" என்று ஊசி செய்கிறவர்கள் மேல் பழியைப் போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டிய எவரும் தன் கண்ணைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

கடிகார ஷோரூம்காரர். எதைத் தொடுவதற்கு முன்னாலும் கறுப்புக் கையுறை மாட்டிக்கொள்கிற மனிதர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கையுறைதான்.

"சார், உங்க முறை வந்துடுச்சு."

தையல்காரரை அப்படியே விட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். வருஷக்கணக்காகக் காத்திருந்த முறை. அந்தக் கடிகாரத்தைக் காசு இருந்தால் மட்டும் வாங்கிவிட முடியாது. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்ததும் நாமே நேரில் போக வேண்டும். அவர்கள் கண்ணெதிரே மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரித்து, கையில் கட்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கைமாற்றிவிடுவோமாம். கலியாணத்துக்குக்கூட இத்தனை நிபந்தனை கிடையாது.

மாடியேறி மனைவியிடம் சொன்னேன். கடைக்கு மேலேதான் வீடு. போன நவம்பரில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. பேச்சு தப்பித்தது. இடது கால் முக்கால்வாசி திரும்பிவிட்டது, கோல் ஊன்றி நடக்கிறாள். இடது கைதான் ஒன்றுமே இல்லை. மடியில் எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கிறது.

செய்தியைக் கேட்டு அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்ப இப்பவே கிளம்புங்க. கையுறை வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துடப் போகுது."

"கடையில ஆள் உக்காந்திருக்கு."

"சரி, நாளைக்கு."

"உன் கை அசையட்டும். அப்புறம் வாங்கிக்கலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. மலர்ந்த முகம் சுருங்கியது. "அது எப்ப அசையறது, நீங்க எப்ப வாங்கறது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழே வந்தால் தையல்காரர் சோதனைச் சட்டத்தோடு எழுந்துபோய் என் கடைத் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப மோசமா அடிச்சிருக்காங்க சார்." பார்வை சரியாகிவிட்டது, நல்லது.

மார்ச் 4, புதன்

கையுறையிடம் அவகாசம் கேட்டேன். மாதக் கடைசி வரை வைத்திருப்பாராம். அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லையாம்.

மார்ச் 6, வெள்ளி

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அதட்டுகிற அதட்டலில் அவளுக்கு 'வாத்தியாரம்மா' என்று பெயர் வைத்துவிட்டாள் இவள். வீட்டுக்கு யார் வந்தாலும் பெயர் வைக்காமல் எங்களால் இருக்க முடியாது.

மேசைமேல் துண்டை விரித்து, அதன்மேல் இடது கையை வைத்து, "தள்ளுங்கம்மா" என்கிறாள். நெற்றி வேர்க்கிறது, பல்லைக் கடிக்கிறாள், வலது தோள் தூக்கிக்கொள்கிறது, துண்டு மட்டும் அங்கேயே இருக்கிறது. நான் பக்கத்து அறையில் நின்று என் கையால் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பைத்தியக்காரத்தனம். நான் தள்ளினால் அங்கே நகருமா?

கடையில் எது வளைந்தாலும் என்னிடம் வழி இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் கோணினால் சூடு காட்டி நிமிர்த்துவேன், திருகு கழன்றால் போடுவேன். உடைந்ததை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கமே எனக்கு இல்லை.

படியிறங்கும்போது வாத்தியாரம்மாவிடம் கேட்டேன், எப்போது வரும் என்று. "கால் சீக்கிரம் வரும் சார். கை தாமதம்தான்." தாமதம் என்றால்? "தினமும் அதையே கேட்டு அவங்கள நச்சரிக்காதீங்க." இது பதில் இல்லையே.

மார்ச் 8, ஞாயிறு

என் அலமாரியைத் துடைத்தேன். உள்ளே மோட்டார் வைத்த பெட்டி ஒன்று உண்டு, கட்டாத கடிகாரங்களை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கும், ஓட்டம் நிற்காமலிருக்க. அவள் அதைத் தொட்டில் என்பாள். இன்றும் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் கையையும் அதுல வச்சு ஆட்டிப் பாருங்களேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு யோசனை வந்தது.

என்னிடம் உள்ள ஒரு கடிகாரத்தில், முகப்பின் அடியில் தனியாக ஒரு சின்ன முள் இருக்கிறது. உள்ளே எவ்வளவு ஓட்டம் சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற முள். காலியென்றால் இடது ஓரம், நிறைந்தால் வலது ஓரம். இந்த வகைக்கு பேட்டரி கிடையாது. கட்டியிருக்கிற கை அசைய அசைய உள்ளே ஓர் அரைவட்டத் தகடு ஆடும், அது சுருளை முறுக்கும். பக்கத்துத் திருகைத் திருகியும் ஏற்றலாம். நான் திருகுவதில்லை, தானாக ஓடுவதற்குத்தானே அந்தப் பெருமை.

வாத்தியாரம்மாவின் கண்ணுக்குத் தெரியாத அசைவு அந்த முள்ளுக்குத் தெரியுமே? ஒரு விரல் துடித்தால்கூட, தூக்கத்தில் மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினால்கூட?

அதை முழுக்க ஓடி நிற்க விட்டு, அவளுடைய இடது கையில் கட்டினேன். நடக்கும்போது கை கழுத்தில் மாட்டிய தூளியில் இருக்கும், பயிற்சி நேரத்தில் கழற்றிவிடலாம். மற்றபடி முள் ஏறினால் அது அவள் கையேதான்.

"கைக்குப் பரீட்சையா? ஃபெயிலானா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"ஆகாது."

"வாரு கொஞ்சம் இறுக்கமா இருக்கோ என்னவோ, எனக்குத் தெரியல. நீங்களே பார்த்துக்குங்க."

மார்ச் 10, செவ்வாய்

முள் இடது ஓரத்தில். நொடிமுள் ஓடவில்லை.

மார்ச் 11, புதன்

அதே.

மார்ச் 12, வியாழன்

அதே. இன்று ஒரு வாடிக்கையாளரின் சட்டத்தைச் சூடுகாட்டும்போது அதிகம் காட்டி உருக்கிவிட்டேன். புதிதாகக் கொடுத்து அனுப்பினேன். கண்ணாடிக் கடைக்காரன் கண்ணை எங்கே வைத்திருந்தான்?

மார்ச் 13, வெள்ளி

கையுறை மறுபடி கூப்பிட்டார். என் பெயருக்கு அடுத்த ஆள் தினமும் விசாரிக்கிறாராம். நான் மாடி வராந்தாவில் நின்று, "வீட்டுல கொஞ்சம் சரியாகட்டும், அவ கை வந்துடட்டும், வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அவள் கோலை ஊன்றிக்கொண்டு கதவருகே நிற்கிறாள்.

மடித்த துணியை ஒற்றைக் கையால் எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஏறியிருக்கிறது.

நான் கற்பனை செய்யவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்திலிருந்து ஒரு நெல்லளவு வலப்பக்கம் வந்திருக்கிறது, நொடிமுள் ஓடுகிறது. அவளை உலுக்கி எழுப்பினேன். "நிஜமாவா?" என்றாள். "ராத்திரி ஏதாவது உணர்ந்தியா?" என்று கேட்டேன். "விரல் சுருக்குன்ன மாதிரி இருந்துச்சு."

சுருக்கென்று இருந்ததாம். இத்தனை மாதத்தில் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஐம்பது வயதுக்காரன் அழுகிற சத்தம் கேட்கக் கண்றாவியாக இருக்கும், அதற்காகத்தான் தண்ணீர்.

மார்ச் 17, செவ்வாய்

இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவளும் அழுதாள். "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள். இவள் ஏனோ சுருக்கமாகப் பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

வாத்தியாரம்மாவிடம் கடிகாரத்தைக் காட்டினேன். அவள் முள்ளைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கி, முழங்கையைத் தட்டி, "இழுங்க, பிடிங்க, விடுங்க" என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல சார்" என்றாள்.

"கடிகாரத்துக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியலையா?"

"கை ஒரு டம்ளரையாவது பிடிச்சாத்தான் சார் எனக்குக் கணக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நல்லது நடந்தால் சிலருக்குப் பொறுக்காது என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். இவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

முள் பாதிக்கு வந்துவிட்டது.

எனக்குள் அது திரும்பி வந்துவிட்டது, அந்த ஆசை. மறைப்பானேன்? மதியம் கடையில் ஆளில்லாத நேரத்தில் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆழ்நீல முகப்பு. தேதி கிடையாது, அலங்காரம் கிடையாது. திருப்பினால் பின்பக்கம் கண்ணாடி, உள்ளே தங்க அரைவட்டம். கையை இப்படி அசைத்தால் அது அப்படி ஆடும். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பார்க்கக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவனுக்குத் தான் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டாமா?

அவள் கையும் வரும், கடிகாரமும் வரும். பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் பயமாகவும் இருந்தது.

மார்ச் 23, திங்கள்

காலையில் பார்த்தால் முள் வலது ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நிறைந்துவிட்டது.

"கை அசைஞ்சா வாங்கறேன்னீங்க. சொன்ன சொல்லு சொல்லுதான்" என்றாள். கண்ணில் அப்படி ஒரு பிடிவாதம். கல்யாணமான புதிதில், கடையை முன்பு இருந்த சந்திலிருந்து இந்தத் தெருவுக்கு மாற்ற வேண்டும் என்று நின்றபோதும் இதே முகம்தான்.

"விரலை ஒரு தடவை அசைச்சுக் காட்டேன்" என்றேன்.

"கேட்டா அசையாதுங்க. தானாத்தான் அசையுது." பிறகு, "போய் வாங்கிக் கட்டிட்டு வாங்க, அதைப் பார்த்தா எனக்கும் தெம்பு வரும்" என்றாள்.

வியாழக்கிழமை வருவதாகக் கையுறையிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

எழுதியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் யாரிடமாவது உளறிவிடுவேன்.

இஸ்திரி போட்ட சட்டை. அவள்தான் எடுத்து வைத்திருந்தாள், வலது கையாலேயே மடிப்பை நீவி நீவி. ஷோரூமில் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். கையுறை கையுறையை மாட்டிக்கொண்டார். தோல் விரித்த தட்டில் அதை வைத்தார். படத்தில் பார்த்ததைவிட நீலம் ஆழம். மூச்சு நின்றுபோயிற்று. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

"உரிச்சிடலாமா சார்?" என்று அந்த மெல்லிய தாளின் ஓரத்தை நகத்தால் தூக்கிக்கொண்டே வழக்கமான பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தார். "இது தானா ஓடிக்கும் சார். நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், கை அசைஞ்சாப் போதும். ஆனா உங்கள மாதிரி உக்காந்த இடத்துல வேலை பார்க்கறவங்க கையில முழுசா ஏறாது, பாதிக்குத்தான் நிக்கும். அதனால அப்பப்பத் திருகைக் கொஞ்சம் திருகிவிட்டுக்குங்க. திருகினாத்தான் சார் நிறையும்."

இது எனக்குத் தெரியாததா? இதே பாடத்தை நானே எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறேன். அந்தச் சின்ன முள் வைத்த கடிகாரத்தை நானே வருஷக்கணக்காகக் கட்டியிருக்கிறேன். நாள் முழுக்க லென்ஸ் தேய்த்து, சட்டம் வளைத்து, படி ஏறி இறங்குகிற என் கையிலேயே அது பாதியைத் தாண்டியதில்லை. ஒரு நாளும் நிறைந்ததில்லை. ஒரு நாளும்.

துண்டைத் தள்ள முடியாத கையில் நிறைந்திருக்கிறது.

தெரிந்தது எனக்கு. அந்த நிமிஷம்தான் — ஆனால் திங்கட்கிழமையே தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நெல்லளவு ஏறியபோதே தெரிந்திருக்க வேண்டும். அவள் திருகியிருக்கிறாள். நல்ல கையால் கெட்ட கையில் கட்டியிருந்ததைத் திருகி, ஒரே நாளில் ஏற்றினால் சந்தேகம் வருமென்று நாளுக்குக் கொஞ்சமாக —

"உரிக்காதீங்க" என்றேன்.

"சார்?"

"உரிக்காதீங்க. வேணாம். அடுத்த ஆளுக்குக் குடுத்துடுங்க."

அவர் பயந்துபோனார். தண்ணீர் கொடுத்தார். வார் பிடிக்கவில்லையா, வேறு நிறம் பார்க்கலாமா என்றார். நான் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் கையை நீட்ட வரவில்லை. கை அசைஞ்சாப் போதுமாம். போதுமாமே. எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டான் மனுஷன்.

வீட்டுக்கு வந்தேன். மாடிப்படி உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு.

"மாடல் மாத்தி அனுப்பிட்டாங்களாம். நம்மளுது வரல" என்றேன்.

"அடடா" என்றாள். அவளுடைய வலது கை மெல்லப் போய் இடது மணிக்கட்டை மூடிக்கொண்டது.

மார்ச் 27, வெள்ளி

காலையில் முள் நிறைந்திருந்தது. "பிரமாதம்" என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 28, சனி

பார்த்துவிட்டேன். பார்க்க வேண்டுமென்று போகவில்லை. சின்ன திருப்புளி ஒன்றை மேலே மறந்து வைத்துவிட்டேன், எடுக்கப் போனேன். செருப்பைக் கீழேயே விட்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது கையைத் தலையணைமேல் தூக்கி வைத்து, வலது கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்தத் திருகைத் திருகிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் திருகுவது, தலையைப் பின்னுக்கு இழுத்து முள்ளைப் பார்ப்பது, மறுபடி திருகுவது. அவளுக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும், போட்டுக்கொள்ளவில்லை. முகத்தில் அப்படி ஒரு கவனம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரைபடம் போடுகிற மாதிரி. நடுவில் ஒரு தரம் நிறுத்தி, அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தாள்.

உள்ளே போய் என்ன சொல்வது? "ஏன் திருகறே?" என்றா? "திருகாதே" என்றா? வந்த வழியே இறங்கிவிட்டேன். திருப்புளி இல்லாமலே மாலை வரை ஓட்டினேன், திருகு போட வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச்சொன்னேன்.



மார்ச் 29, ஞாயிறு

"பிரமாதம்."

மார்ச் 30, திங்கள்

பெயர் கொடுத்த காலத்தில் இரண்டாவது எண் என்று அவள் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். நான் போனை எடுக்காததால் கையுறை அவளைக் கூப்பிட்டுவிட்டார். நாளை கடைசி நாள், சார் மனசு மாறினால் சொல்லச் சொல்லுங்கள் என்று.

மதியம் சாப்பிட மேலே போனேன். தட்டு வைத்திருந்தாள், பரிமாறவில்லை.

"மாடல் மாத்தி அனுப்பிட்டாங்களா?"

நான் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

"தட்டுல வச்சு, உரிக்கப் போகும்போது வேணாம்னு எழுந்து வந்தீங்களாமே. ஏன்?"

"பிடிக்கல."

"யாருகிட்ட சொல்றீங்க? தூக்கத்துல அந்தக் கடிகாரத்தோட பேரைச் சொல்ற மனுஷன். எனக்காக விட்டுட்டேன்னு ஊரு பூரா பேசிக்கட்டும்னா? அந்தப் பழி எனக்கு வேணாம். கை போனது போதும்."

"உனக்காக இல்ல."

"பின்ன?"

"நீ திருகறதைப் பார்த்தேன்."

தெருவில் யாரோ காலிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப பார்த்தீங்க?"

"சனிக்கிழமை. ஆனா ஷோரூம்லயே புரிஞ்சுபோச்சு."

"அப்ப நேத்துக் காலையில முள்ளைப் பார்த்துட்டுப் பிரமாதம்னு சொன்னீங்களே?"

"நீ சந்தோஷப்படுவேன்னுதான்."

"நானும் அதுக்குத்தான் திருகினேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அப்புறம்தான் கொட்டினாள். "கண்ணு முழிச்சதும் என் கையைத் தூக்கி முள்ளைப் பார்க்கறீங்க. ஒரு நாளாவது என் மூஞ்சியைப் பார்த்தீங்களா? ஒரு வாரம் முள்ளு நகரல, உங்க மூஞ்சி எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், நான்தானே தினமும் பார்த்தேன். சரி, இந்த மனுஷனுக்கு முள்ளுதானே வேணும், ஏத்திக் குடுத்துடுவோம்னு குடுத்தேன். எனக்குக் கைதான் வரல, உங்களுக்குக் கடிகாரமாவது வரட்டுமேன்னு."

கழற்றித் தூக்கி எறியப் போகிறாள் என்று நினைத்தேன். வாரை வலது கையாலேயே நிதானமாக அவிழ்த்து, துடைத்து, மேசைமேல் வைத்தாள். என் பொருள்களை அவள் எப்போதும் அப்படித்தான் வைப்பாள்.

"போய் வாங்கிக்குங்க. இன்னும் ஒரு நாள் இருக்கு."

"எனக்கு வேணாம்."

"வேணும்னு இருங்களேன். யாராவது ஒருத்தர் எதையாவது வேணும்னு இருந்தாத்தானே வீடு நல்லாருக்கும்."

வேண்டும் என்று என்னை நானே எப்படி வைத்துக்கொள்வது? அதை யாரிடம் கேட்பது? நான் பொய்யாகக்கூட ஆசைப்பட்டுப் பார்த்தேன் — படத்தை எடுத்து வைத்து, அந்த நீலத்தை நினைத்து. வரவில்லை. அவளுடைய கையை அவள் அசைக்க முடியாத மாதிரியே, என் மனசை நான் அசைக்க முடியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

கையுறைக்கு நானே போன் செய்து, அடுத்தவருக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். பட்டியலிலேயே என் பெயரை எடுத்துவிடவும் சொன்னேன். "யோசிச்சுட்டீங்களா சார், மறுபடி முதல்லேர்ந்து காத்திருக்கணும்" என்றார். நல்ல மனிதர்.

அவள் பேசவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மேசைமேலிருந்த கடிகாரம் நின்றுவிட்டது. இருவருமே அதைக் கடந்து போகிறோம், வருகிறோம். யாரும் தொடவில்லை.

வாத்தியாரம்மா வந்தாள். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், எல்லா வீட்டுலயும் யாராவது ஒருத்தர் என்னைத் திட்டத்தான் செய்வாங்க" என்றாள். இன்று துண்டை எடுக்கவில்லை. பாட்டிலை முழங்காலிடுக்கில் வைத்து ஒற்றைக் கையால் திறப்பது, பொத்தான் போடுவது, இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். படியில் நிறுத்திக் கேட்டேன்.

"கொஞ்ச நாளாவே தோணுது சார். தோள் கொஞ்சம் வரலாம். விரல் வரும்னு என்னால சொல்ல முடியாது. அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான் சொல்வதாகச் சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

ஏப்ரல் 4, சனி

சொல்லவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

சொல்லவில்லை. இன்று சாதம் பரிமாறும்போது, "குழம்பு போதுமா" என்று கேட்டாள். ஒரு வாரத்தில் முதல் பேச்சு. போதும் என்றேன். போதவில்லை, ஆனால் தட்டைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வாயில் அதுதான் வந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. காதோரம் நரை கூடியிருக்கிறது. இதெல்லாம் எப்போது வந்தது?

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். "ஏங்க, கொஞ்சம் வாங்க" என்று குரல்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தலைமுடியை ஒற்றைக் கையால் சுருட்டி ஒரு கிளிப்பில் அடைத்துத்தான் வைத்திருக்கிறாள். மகள் வந்திருந்தபோது பின்னிவிடுகிறேன் என்றாள், விடவில்லை. நானே பின்னிக்கிற அன்னைக்குப் பின்னிக்கறேன், அதுவரைக்கும் இப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். இன்று கிளிப்பை எடுத்துவிட்டு முடியை முதுகில் அவிழ்த்து விட்டிருந்தாள். மடியில் சீப்பும் ஒரு ரப்பர் பேண்டும்.

"கடைக்கு வரேன். இப்படியே வந்தா பேய்னு ஓடிடுவாங்க. பின்னிவிடுங்க."

"எனக்குப் பின்னத் தெரியாதே."

"மூணாப் பிரிங்க. வலதுபக்கத்தைத் தூக்கி நடுவுல போடுங்க. அப்புறம் இடதுபக்கம். அவ்வளவுதான். அத்தனை சின்னத் திருகு போடுற விரலுக்கு இது வராதா?"

மூன்றாகப் பிரித்தேன். ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி பிரித்தேன். ஒரு பிரியை அவளே தோளுக்கு மேலாக வலது கையால் பிடித்துக்கொண்டாள். நான் போட்டதும் அவள் விட்டாள், நான் எடுத்ததும் அவள் பிடித்தாள். முதல் பின்னல் நடுவில் அவிழ்ந்தது. இரண்டாவது இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது.

பாதி வந்திருப்பேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னாள், கண்ணாடியிலும் என்னைப் பார்க்கவில்லை.

"இது வராதுங்க."

பின்னலைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ம்" என்றேன்.

"நாளைக்கும் நீங்கதான் பின்னணும்."

"ம்."

"ரொம்ப இழுக்கறீங்க, வலிக்குது."

பிடியைத் தளர்த்திக்கொண்டு மிச்சத்தைப் பின்னினேன். கோணலாகத்தான் வந்தது. கையால் தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று எழுந்தாள். ஒரு கையில் கோல் இருந்ததால் படியில் என் தோளைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு கை இல்லை. நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.